எதற்குக் கொடுத்தோமோ அதற்கு மட்டும்: புதுச்சேரி குடியிருப்போர் நலச் சங்கத்தின் கண்டன அறிக்கை



நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் அரசுத் துறை அலுவலகங்களிலும் மக்கள் நம்பிக் கொடுத்த ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் கேட்பாரற்றுக் கிடப்பதை எங்கள் சங்கத்தின் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர்களின் எண்கள் எந்தக் கதவு வழியாக வெளியே போயின என்று இன்றைக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் தெரியாத நிலையையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஓட்டு எண்ணி முடித்தால் தேர்தல் நேரத்துப் புகாரும் முடிந்தது என்று மூட்டை கட்டி வைப்பது நம்மூர் வழக்கம்.

2021 ஏப்ரல் 6-ஆம் தேதி 30 தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு. அதற்குச் சில வாரங்கள் முன்னால் வாக்காளர்களின் கைப்பேசிகளுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்திகள் போயின. உள்ளே ஒரு இணைப்பு. அதைத் தொட்டால் அவரவர் வாக்குச்சாவடிக்கென்று பாரதிய ஜனதா கட்சி தொடங்கியிருந்த வாட்ஸ்அப் குழுவில் சேரலாம். இதை எதிர்த்து இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். கட்சிகள் குறுஞ்செய்தி அனுப்பி ஓட்டுக் கேட்பது ஒன்றும் புதிதில்லை. மனுவில் கனமாக இருந்தது வேறு விஷயம்: ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வந்திருக்கிறது என்றார் மனுதாரர். ஒருவர் இரண்டு சிம் வைத்திருந்தால், ஆதாரில் கொடுத்த சிம் மட்டும் மணியடிக்கிறது. எந்த எண் யாருடையது, அவருடைய ஓட்டு எந்தச் சாவடியில் என்கிற இரண்டும் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருந்தால்தான் இது முடியும்.

தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு வழக்கை விசாரித்தது. எண்களைத் தொண்டர்கள் வீடுவீடாகப் போய்ச் சேகரித்தார்கள் என்றது கட்சி. எங்கள் பெட்டகத்திலிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். மொத்தக் குறுஞ்செய்திக்கு முன்கூட்டி வாங்க வேண்டிய சான்றிதழைக் கட்சி வாங்கவில்லை, சைபர் கிரைம் போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்றது தேர்தல் ஆணையம். ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் செய்தி போனது என்பது நம்பத்தகுந்த குற்றச்சாட்டுத்தான், ஆதார் ஆணையம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். விசாரணை முடியும்வரை தேர்தலையே ஏன் தள்ளி வைக்கக் கூடாது என்றுகூட ஒரு கட்டத்தில் கேட்டது. ஏப்ரல் 1-ஆம் தேதி உத்தரவில், ஒரு கட்சிக்குக் கிடைத்த கூடுதல் ஆதாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், குடிமக்களின் தனியுரிமை என்கிற பெரிய கேள்வி தேர்தல் சூட்டில் காணாமல் போய்விடக் கூடாது என்ற கருத்தை நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள்.

காணாமல்தான் போனது.

யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுதும் வேலை எங்களுடையது இல்லை. எங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். செயற்குழுவில் இந்த அறிக்கையின் முதல் வரைவுக்கே இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது, கடைசியில் டீ வந்த பிறகுதான் அடங்கியது. இன்றைக்கு ஒரு கட்சிமேல் வந்த புகார் நாளைக்கு இன்னொரு கட்சிமேல் வரும். எண்கள் ஒரு கட்சி கையிலிருந்து வந்தனவா, ஓர் அலுவலகத்திலிருந்து வந்தனவா, நடுவில் ஒரு தரகரிடமிருந்து வந்தனவா என்பதைக் கண்டுபிடித்து வெளியே சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் கண்டனம் அந்த மௌனத்தின் மீது.

ஊர் சிறியது என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஊர் சிறியது என்பதுதான் ஆபத்தே. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் எல்லாம் சேர்ந்து சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். சென்னையில் சில வார்டுகள் இதைவிடப் பெரியவை. சில நூறு ஓட்டில் முடிவாகிற தேர்தலில், ஒரு தெருவில் எந்த வீட்டுக்கு முதியோர் பென்ஷன் வருகிறது, எந்த வீட்டில் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், எந்தக் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்காமல் கிடக்கிறது என்று தெரிந்தவருக்கு மேடைப் பேச்சே தேவையில்லை. ஒரு போன் போதும். “அம்மா, போன மாசம் உங்க பென்ஷன் வந்துச்சா?” என்று தொடங்கும் போன்.

அந்த எண்ணை நாம் யாருக்குக் கொடுத்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான் முதலில் வந்தது. பிறகு இங்கே அரசு தந்த இலவச அரிசியும் பணமானது. ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து 2024 அக்டோபரில் தீபாவளிக்குத்தான் மறுபடி திறந்தன. பணம் வர வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு, கணக்கோடு ஆதார், ஆதாரோடு கைப்பேசி. அரிசிப் பையோடு வரிசையில் நின்ற காலத்தில் கடைக்காரருக்கு நம் முகம் தெரியும், அட்டை நம்பர் தெரியும், அவ்வளவுதான். பை போய்ப் பணம் வந்ததும் நம்மைப் பற்றி அரசுக்குத் தெரிந்த விவரம் பல மடங்கானது. அரிசிப் பணத்துக்காகக் கொடுத்த எண் அரிசிப் பணத்துக்கு மட்டும்தான். எதற்குக் கொடுத்தோமோ அதற்கு மட்டும். எங்கள் அறிக்கையின் மையம் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

கசிவு என்றதும் எல்லாருக்கும் ஹேக்கர் நினைவுதான் வருகிறது. கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் இருட்டறையில் உட்கார்ந்து தட்டுவது சினிமாவில் நன்றாக இருக்கும். நம்மூரில் நடப்பதைப் பார்க்க ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். எங்கள் உறுப்பினர் ஒருவர் பிறப்புச் சான்றிதழ் வேலையாகப் போனபோது நின்றார். கவுண்டரில், “ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடையில் இவருக்கு முன்னால் எட்டுப் பேர். சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு வாட்ஸ்அப் எண். வருகிறவர்கள் எல்லாரும் ஆதாரைப் படம் பிடித்து அந்த எண்ணுக்கு அனுப்புகிறார்கள். கடைப் பையன் கணினியில் திறந்து அச்சடிக்கிறான், ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்கிறான், அடுத்த ஆள். திரையில் கோப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முதல் நாள் வந்தவை, போன மாதம் வந்தவை, கைக்குழந்தைகளின் நீல ஆதாரும் அதில் உண்டு. “இதையெல்லாம் எப்பப்பா அழிப்பே?” என்று இவர் கேட்டிருக்கிறார். “மெமரி ஃபுல்லானா அழிப்பேன் சார்” என்றானாம். அந்தப் பையன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவன் பிழைப்பு அது. ஆதாரைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். நகல் வேண்டியே தீரும் என்றால் முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கேட்கலாம். அதை ஆதார் ஆணையமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. இரண்டையும் செய்யாமல் ஒவ்வொரு வேலைக்கும் முழு நகலைக் கேட்கும் கவுண்டர்மேல்தான் கோபம்.

மறைத்த ஆதாரைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். “இது செல்லாது, ஃபுல் நம்பர் தெரியணும்.” எங்கள் உறுப்பினர்கள் மூன்று பேர் மூன்று வேறு அலுவலகங்களில் இதே வாக்கியத்தைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆதார் ஆணையமே இதில் மக்களைத் தடுமாற வைத்தது உண்டு. 2022 மே மாதம் அதன் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த நகலைக் கொடுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அது திரும்பப் பெறப்பட்டது. மக்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு சம்பவம். ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல், பெயர், கதவிலக்கம், கைப்பேசி எண், பாக்கித் தொகையோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. ஊழியர்களுக்குள் வேலைக்காகத் தொடங்கிய குழுதானாம். அங்கிருந்து அது தெருக் குழுக்களுக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. எங்கள் உறுப்பினரான ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு வீட்டுவரிப் பெயரை மாற்ற முடியாமல் அலைந்துகொண்டிருந்தவர், தன் பெயரை அண்டை வீட்டுக்காரர் கைப்பேசியில் பார்த்தார். அடுத்த வாரம் கடன் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரன் போன் செய்தான். பாக்கி எவ்வளவு என்று அவனுக்கு ரூபாய் சுத்தமாகத் தெரிந்திருந்தது. புகார் கொடுத்ததற்கு, “யாரோ ஃபார்வர்ட் பண்ணிட்டாங்கம்மா” என்பதே பதில். யாரோ என்பவருக்குப் பதவியும் இல்லை, இருக்கையும் இல்லை, அவர்மேல் நடவடிக்கையும் இல்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போன் நம்பரோடு சேர்த்துச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. இந்த விவாதம் வந்த பிறகு கிழித்துப் போட்டோம். ஒட்டியவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

மக்களின் விவரத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது நம் உள்ளாட்சிகளுக்குக் கைவந்த பழக்கம். கொரோனாவின்போது நாடு முழுக்க நோயாளி வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அப்படி ஒட்டத் தேவையில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் ஒட்ட வேண்டியவர்கள் ஒட்டி முடித்திருந்தார்கள். கண்காணிப்பும் அப்படித்தான். சண்டிகர் மாநகராட்சி, துப்புரவுத் தொழிலாளி எங்கே நிற்கிறார் என்று காட்டும் கடிகாரத்தை அவர் கையில் கட்டியது. இங்கேயும் 2017-இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் பெயர் வந்ததிலிருந்து கேமரா என்பது சாலை, சாக்கடை போல ஒரு வசதி என்றே பேசப்படுகிறது. கேமரா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை அந்தக் கம்பத்திலேயே தமிழில் எழுதி வையுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதையெல்லாம் கேட்க வேண்டியது யார்? வார்டு கவுன்சிலர். அவர் எங்கே?

1968-க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தடவை, 2006-இல். அப்போது வந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் நடத்தச் சொன்னது. 2021 செப்டம்பரில் ஒருவழியாகத் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று விவகாரம் நீதிமன்றம் போய், அறிவிப்பு வாபஸானது. புதுச்சேரி நகராட்சியும் உழவர்கரை நகராட்சியும் மற்ற மூன்றும், பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் 2011-லிருந்து அதிகாரிகள் கையில்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எங்களுக்கு இந்த நினைவு வரும். பிரெஞ்சுக்காரர் காலத்து அந்த நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். வெள்ளைவெளேரென்று அழகாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மன்றம் இல்லாத ஊருக்கு மன்றக் கட்டடம் மட்டும் திரும்பி வந்தது. அந்தத் திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம்தான் மேலே சொன்ன வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. கவுன்சிலர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் வெகுளிகள் இல்லை. 2006 மன்றத்திலும் தூங்கியவர்கள் உண்டு. ஆனால் தூங்குகிறவரையாவது தட்டி எழுப்ப வீடு தெரியும். ஆணையரை எழுப்ப மனு எழுத வேண்டும், மனுவிலும் ஆதார் நகல் வைக்க வேண்டும்!

இந்த ஊருக்குப் பதிவேடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தா சிவில் (குடிமைப் பதிவு) என்ற சொல்லைத் தாத்தா வாயில் கேட்காத பழைய புதுச்சேரிக் குடும்பம் குறைவு. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் மேரியில் சாட்சிக் கையெழுத்தோடு ஏறும். ஒரு படி இங்கே இருக்கும், இன்னொரு படி கப்பலேறி பிரான்சுக்குப் போகும். பிரான்சின் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் 1776-லிருந்தே அந்த ஏற்பாடு. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு வந்து, எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில், அந்த ஏட்டில் ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதில் சில குடும்பங்களின் தலையெழுத்தே மாறியது. சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், குடும்பங்களுக்கு இன்றும் பென்ஷனுக்கு ஆதாரம் அந்த வரிதான். ஏட்டில் ஒரு எழுத்துப் பிசகினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பாடமாகப் படிக்கவில்லை, வீட்டில் பார்த்திருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரன் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்து, கைப்பிடி அளவு ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியருக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் ஒன்று என்று வைத்த ஆட்சி அது. பட்டியல் கையில் இருப்பவன் கையில் ஊர் இருக்கும் என்பதை அன்றைய அரசியல் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் காலத்துத் தேர்தல்களிலேயே இந்த ஊர் பார்த்துவிட்டது.

பிரான்சில் பிற்பாடு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா அரசுத் துறைகளின் ஏடுகளையும் ஒரே எண்ணால் கோத்துவிடும் ‘சஃபாரி’ என்ற திட்டத்தை அரசு போட்டது. 1974 மார்ச்சில் ‘லெ மோந்து’ பத்திரிகை அதை வெளியில் கொண்டுவந்தது. ஊர் கொதித்தது, திட்டம் நின்றது, 1978 ஜனவரியில் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கத் தனி ஆணையமும் வந்தன. அந்த ஆணையம் 2018-இல் செய்த ஒரு காரியத்தைத்தான் நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். ரென் நகரத்தில் பொது வீட்டுவசதி நிறுவனத்தின் தலைவர், வாடகைதாரர்களின் முகவரிப் பட்டியலை எடுத்து, வீட்டு உதவித்தொகையைக் குறைத்த அரசை விமர்சித்து ஒரு கடிதம் அனுப்பினார். பட்டியல் திருடியது இல்லை, அவருடைய நிறுவனத்தினுடையதுதான். ஹேக்கர் இல்லை, கசிவு இல்லை. ஆனால் வாடகை வசூலுக்கு வாங்கிய முகவரியை அரசியல் பேசப் பயன்படுத்தியது தவறு என்று நிறுவனத்துக்கு 30,000 யூரோ அபராதம் போட்டார்கள். எதற்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் முக்கியமான கடமைகள் உயிர்பெற அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. நலத்திட்டம், சான்றிதழ், உரிமம் இவற்றுக்காக அரசு விவரம் வாங்கும்போது நம் சம்மதத்தைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை என்கிறது சட்டம். தான் விரும்பும் அரசு அமைப்புக்கு மத்திய அரசு முழு விலக்கும் கொடுக்கலாம். கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் போவது அரசுக் கஜானாவுக்கு. எண்ணைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு கிடையாது. அதே சட்டத்தில், பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒன்றைக் காத்திருக்காமல் உடனே அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவில் திருத்தம். ஒருவரின் சொந்த விவரத்தைப் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசல் எடுக்கப்பட்டது. இதை நாங்கள் தனியாகக் கண்டிக்கிறோம். பென்ஷன் வாங்கும் பாட்டியின் எண் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது தனியுரிமை யாருக்கும் நினைவு வரவில்லை. எந்த ஒப்பந்ததாரருக்கு எந்தப் பில்லை எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று கேட்டால் மட்டும் தனியுரிமை வந்து கதவை மூடப் போகிறது. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்கிற 8(2) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதை உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வீட்டுக்கு வீடு வந்த படிவத்தை நினைத்துப் பாருங்கள். கைப்பேசி எண்ணுக்குக் கட்டம் இருந்தது. விரும்பினால் எழுதலாம் என்று ஆதாருக்கும் கட்டம் இருந்தது. எத்தனை வீட்டில் அந்த ‘விரும்பினால்’ என்ற சொல்லை யாராவது வாசித்துக் காட்டினார்கள்? கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களும் படிவங்களைத் திரட்டித் தரலாம் என்று விதி. நிரப்பிய படிவம் ஒரு கட்சிக்காரரின் ஸ்கூட்டர் டிக்கியில் ஓர் இரவு தங்குகிறது. படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்? எடுத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுத்திருந்தால் கண்டுபிடிக்க வழி இல்லை என்பதைச் சொல்கிறோம்.

எனவே செயற்குழு கேட்பவை இவை. 2021 விவகாரத்தில் சைபர் கிரைம் போலீஸும் ஆதார் ஆணையமும் கண்டறிந்ததை, பெயர்களை நீக்கியாவது, தமிழில் முழுதாக வெளியிட வேண்டும். புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் எந்தச் சேவைக்கு எந்த விவரத்தை வாங்குகின்றன, எங்கே வைக்கின்றன, யாருக்குக் கொடுக்கின்றன, எப்போது அழிக்கின்றன என்பதை ஒவ்வொரு கவுண்டரிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து பிறப்பு இறப்புப் பதிவு டெல்லியிலுள்ள பொது ஏட்டோடு சேர்கிறது. வாக்காளர் பட்டியலும் ரேஷன் அட்டையும் ஆதாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பிள்ளை பெற்று மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும் தகப்பனுக்கு இது தெரிய வேண்டாமா?

மறைத்த ஆதாரை மறுக்கக் கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை வேண்டும். பழைய மனுக்களையும் நகல்களையும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாமல் அரைத்து அழிக்க வேண்டும், அழித்ததற்கு ஏடு வேண்டும். ஊழியர்கள் மக்களின் விவரத்தைச் சொந்தக் கைப்பேசியில் வைத்திருப்பதை நிறுத்த வேண்டும். ஆனால் அதற்கு அலுவலகக் கருவி கொடுக்க வேண்டியது அரசு. கடைநிலை ஊழியர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தால் அதையும் எதிர்ப்போம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுக்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, எனவே இங்கே ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் வேலை இனி வேண்டாம். உள்ளாட்சித் தேர்தல் தேதியை அறிவியுங்கள் என்பதைப் பதினான்காவது தடவையோ பதினைந்தாவது தடவையோ கேட்கிறோம், எங்களுக்கே எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

ஆதார் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போக முன்பு ஆணையத்துக்கு மட்டும்தான் வழி இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆதார் வைத்திருக்கும் யாரும் போகலாம். தன் எண் வேறு காரியத்துக்குப் போனதற்குக் கையில் சான்று வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள், தேதியும் அனுப்பிய பெயரும் தெரியும்படி வைத்திருங்கள். வரும்போது ஆதார் நகல் கொண்டுவர வேண்டாம். பெயரையும் தெருவையும் வாயால் சொன்னால் போதும்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேரி கட்டடத்தின் முன் கூடி, அங்கிருந்து நகராட்சி ஆணையரிடம் மனு கொடுக்கப் போகிறோம். மறைத்த ஆதாரோடு ஐம்பது பேர் நகராட்சிக் கவுண்டரில் ஐம்பது விண்ணப்பங்கள் கொடுப்பார்கள். வாங்க மறுத்தால், மறுத்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி அங்கேயே நிற்போம்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்
புதுச்சேரி